ஐந்து மீட்டர் நூல்

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு, தோளில் எப்போதும் ஓர் ஈரத் துண்டு. பெயர் சண்முகவடிவு.

சிஷ்யை எப்சிபாவுக்கு இருபத்தைந்து. இருவரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே குளத்தில் போட்டி போட்டு நீந்தியவர்கள்தான். மாநிலப் போட்டி ஒன்றில் எப்சிபா முதல்முறையாகத் தன்னை முந்திய அன்று, சண்முகவடிவு கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டே அவளிடம் வந்தாள்.

"நாளையிலருந்து நான் கரையில நிக்கேன். நீ தண்ணியில கெட" என்றாள்.

தீட்சை அவ்வளவுதான். வேறு சடங்கு ஒன்றும் இல்லை.

ஆறு வருடம் கழித்து இருவரும் அயல்நாட்டு நகரம் ஒன்றில், ஆசிய சாம்பியன்ஷிப் நடந்த அரங்கில், ஒரு பெரிய பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் இருநூறு மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கின் தகுதிச் சுற்று அப்போதுதான் முடிந்திருந்தது. மாலை இறுதிப்போட்டிக்கு எட்டுப் பேர். ஏழு பெயர்கள் ஒழுங்காக வந்துவிட்டன. எட்டாவது இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன.

எப்சிபா, இந்தியா. ஐனூர், கஜகஸ்தான். இருவருக்கும் இரண்டு நிமிடம், பதினைந்து விநாடி, அதற்குமேல் நூறில் முப்பத்தெட்டுப் பங்கு. மின்சார யந்திரத்துக்கே பிரிக்கத் தெரியவில்லை.

இப்படி நேர்ந்தால் அதற்கு ஒரு விதி உண்டு. காலை நிகழ்ச்சிகள் முடிந்ததும் அந்த இருவர் மட்டும் மறுபடி நீந்த வேண்டும். ஜெயித்தவளுக்கு இறுதிப்போட்டி. தோற்றவளுக்கு மாலையில் கைதட்டுகிற வேலை.

எப்சிபாவுக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். இதற்குமுன் மூன்று முறை வந்து, மூன்று முறையும் ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ வந்து, கை வலிக்கத் தட்டிவிட்டு ஊருக்குப் போனவள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். மழுப்பாம சொல்லணும்."

"கேளுட்டி."

"அவளா, நானா? யாருக்கா வேகம்?"

"தெரியாது."

"ஆறு வருசமா பாக்கிய. தெரியாதா?"

"உன்னத் தெரியும். அவளத் தெரியாது. ரெண்டு பேரும் சேந்தா யாருன்னு அந்தப் பலகைக்கே தெரியலியே, எனக்கு எப்படித் தெரியும்?"

"மனசு குளிரும்படியா ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?"

"குளுருதான் வேணும்னா அந்த ஏசிக்கு அடியில போய் நில்லு."

எப்சிபா போய் நின்றாள். கோபித்துக்கொண்டு போனாலும், தசை பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று துண்டைப் போர்த்திக்கொண்டுதான் நின்றாள். பயிற்சி அப்படி.

பேக்ஸ்ட்ரோக்கில் மல்லாந்து நீந்துகிறவளின் சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வந்த வழி தெரியும், போகிற வழி தெரியாது. முகம் கூரையைப் பார்த்திருக்கும், தலை சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதனால் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், இரு கரையிலும் கம்பம் நிறுத்தி, தண்ணீருக்கு மேலே, குறுக்கே ஒரு கயிறு கட்டிச் சின்னச் சின்னக் கொடிகள் தொங்க விட்டிருப்பார்கள். கொடி தலைக்குமேல் போனதும் கை வீச்சை எண்ண வேண்டும். எப்சிபாவுக்குக் கணக்கு இது: திரும்புவதாக இருந்தால் ஐந்தாவது கையில் புரள வேண்டும், முடிப்பதாக இருந்தால் ஆறாவது கையில் சுவரைத் தொட வேண்டும். எண்ணினால் போதும், பார்க்க வேண்டியதில்லை.

எப்சிபா எண்ணுவாள். எண்ணிக்கொண்டே பார்க்கவும் பார்ப்பாள். அதுதான் அவள் வியாதி. நாலாவது கையில் கழுத்து தானாகத் திரும்பிச் சுவரைத் தேடும். தலை திரும்பினால் இடுப்பு அமுங்கும். இடுப்பு அமுங்கினால் வேகம் குறையும். ஒரு கண்ணிமைப்புதான், ஆனால் இந்த விளையாட்டில் கண்ணிமைப்புக்கும் கணக்கு உண்டு.

காலை நிகழ்ச்சிகள் எல்லாம் முடிந்த பிறகு சண்முகவடிவு ஏசிக்கு அடியில் வந்து நின்றாள்.

"காலையில கடைசிச் சுவருக்கு முன்னால தலையத் திருப்பினியா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

எப்சிபா துண்டை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்தக் கொஞ்சத்துலதான் அந்தப் பிள்ள வந்து உக்காந்திருக்கு" என்று பலகையைக் காட்டினாள் சண்முகவடிவு.

"கொடிய நம்பத்தான்க்கா செய்யுதேன். கழுத்துதான் நம்ப மாட்டேங்குது."

சண்முகவடிவு பைக்குள் கையை விட்டு ஒரு நூற்கண்டை எடுத்தாள். கொத்தனார்கள் சுவர் நேராக எழும்புகிறதா என்று பிடித்துப் பார்ப்பார்களே, அந்த நூல். சரியாக ஐந்து மீட்டர். இரண்டு நுனியிலும் முடிச்சு.

எந்த ஊர்க் குளத்துக்குப் போனாலும், தண்ணீரில் கால் வைப்பதற்குமுன் அவள் அந்த நூலால் கொடிக்கம்பத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுவாள். சென்னையில் சிரித்திருக்கிறார்கள், தில்லியில் சிரித்திருக்கிறார்கள். இங்கேயும் முதல்நாள் ஒரு காவலாளி சிரித்தார். அவள் யாருக்காகவும் நூலைச் சுருட்டியது கிடையாது.

"நேத்துதான அளந்திய?" என்றாள் எப்சிபா.

"நேத்து கட்டியிருந்தது நேத்தைக்கு. இப்பம் அவுத்துக் கட்டியிருக்காவ, பாக்கல?"

அது உண்மைதான். தகுதிச் சுற்று முடிந்ததும் ஆண்கள் ஆயிரத்தைந்நூறு மீட்டர் நடந்தது. கரையோரமாக ஓடும் கேமரா வண்டிக்கு இடைஞ்சல் என்று, தொடங்கி முடிகிற பக்கத்துக் கொடிக்கம்பங்களை எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். அது முடிந்து, இப்போதுதான் திரும்ப நிறுத்தினார்கள். அவசர வேலை. மதியச் சாப்பாட்டுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"புடி" என்று ஒரு முடிச்சை எப்சிபாவிடம் கொடுத்தாள்.

எப்சிபா சுவர் முனையில் குனிந்து பிடித்துக்கொண்டாள். சண்முகவடிவு மறுமுனையோடு கம்பத்தை நோக்கி நடந்தாள். நூல் விறைத்து நின்றுவிட்டது. கம்பம் இன்னும் தள்ளி இருந்தது.

ஒரு முழத்துக்கும் மேலே.

எதிர்க்கரைக் கம்பத்தையும் போய் அளந்தாள். அங்கேயும் அதே ஒரு முழம். பாவிகள், தப்பைக்கூட இரண்டு பக்கமும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

எப்சிபா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. ஐனூர் தூரத்தில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். அவளுடைய கோச் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

எப்சிபா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இது நல்லதுக்குத்தான்."

"எப்படி?"

"நான் ஒரு கை கூடப் போட்டுக்கிடுவேன். ஆறுக்கு ஏழு. அவ ஆறுன்னு நெனச்சுக் கைய நீட்டுவா. சுவரு வராது. மெதந்துக்கிட்டே கெடப்பா."

"ம்."

"நாம ஒண்ணும் செய்யலியே. கம்பத்த நாமளா நட்டோம்?"

"நாம நடல."

"பொறவு என்ன? நாம வாயத் தொறக்காண்டாம். அவ்வளவுதான?"

சண்முகவடிவு நூலைக் கையில் சுற்றினாள்.

"அளந்தாச்சேட்டி" என்றாள்.

சொல்லிவிட்டு நேராகத் தலைமை நடுவரின் மேசைக்குப் போனாள்.

தலைமை நடுவர் வெள்ளை உடை உடுத்திய, கண்டிப்பான ஓர் அம்மையார். சண்முகவடிவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். கொடியைக் காட்டினாள், நூலைக் காட்டினாள், "தப்பு" என்றாள். அம்மையார் நூலைப் பார்த்தார், ரப்பர் செருப்பைப் பார்த்தார். பயந்துபோனவர்கள் குறை கண்டுபிடிப்பது வழக்கம்தான் என்று அவர் முகம் சொன்னது.

எப்சிபா பின்னாலேயே ஓடி வந்திருந்தாள்.

"அக்கா, வாங்க போவோம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதையா நெனைக்காவ."

"ஆடத் தெரிஞ்சவளுக்கும் கூடம் நேரா இருக்கணும்லா" என்றாள் சண்முகவடிவு. மேசையை விட்டு அவள் நகரவில்லை.

கடைசியில் இவள் போனால் போதும் என்று அம்மையார் ஒருவரை இரும்பு டேப்போடு அனுப்பினார். அவர் டேப்பை இழுத்துப் பிடித்தார், குனிந்து படித்தார், மறுபடி படித்தார். பிறகு அம்மையாரைக் கூப்பிட்டார். அம்மையாரும் குனிந்து படித்தார்.

ஐந்து மீட்டர், அறுபது சென்டிமீட்டர்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நான்கு பேர் ஓடி வந்தார்கள். கம்பத்தை நகர்த்தி, அளந்து, இன்னும் ஒரு விரல்கடை நகர்த்தி, மறுபடி அளந்தார்கள். எதிர்முனைக் கொடியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார் அம்மையார். அது சரியாக இருந்தது. சத்தம் கேட்டு ஐனூர் எழுந்து வந்து நின்று பார்த்தாள். விஷயம் புரிந்ததும் அவளுடைய கோச் வாழைப்பழத்தோடு சண்முகவடிவுக்கு ஒரு கும்பிடு போட்டார். இவள் பதிலுக்கு நூல் சுற்றிய கையைத் தூக்கினாள்.

எப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க எனக்குக் கோச்சா, அவளுக்கா?"

"உனக்குத்தான்."

"அவளுக்கும் சேத்துல்லா அளந்து குடுத்துட்டு வாரிய!"

"இருக்கது ஒரே குளந்தான. உனக்கு மட்டும் எப்படி அளக்க?"

"ஆறு வருசம்க்கா. ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒரு ஒத்தாச தானா வந்துச்சு. அதப் போய் மேசையில வச்சிட்டு வந்திருக்கிய."

சண்முகவடிவு அவளை உட்காரச் சொன்னாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீந்துவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"உன் தலையில ரெண்டு தையல் இருக்குல்லா?"

எப்சிபாவின் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று. நாலு வருடத்துக்கு முன், ஊர்க் குளத்தில், பயிற்சியின்போது சுவரில் மோதி வாங்கியது. அந்தக் குளத்துக்குக் கொடி கிடையாது. கட்சி மாநாட்டுக்குக் கட்டிய தோரணத்தை, மாநாடு முடிந்ததும் கேட்டு வாங்கி வந்து சண்முகவடிவுதான் கட்டியிருந்தாள். நல்லவேளையாக மாற்றுக்கட்சிக்காரர் யாரும் அங்கே நீந்தவில்லை.

"அன்னைக்குக் காத்துல கயிறு நகந்துட்டுன்னு சொன்னேன். நெனப்பிருக்கா?"

"இருக்கு."

"காத்து இல்லட்டி."

எப்சிபா திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் அளக்காம கட்டினேன். கண்ணால பாத்தா அஞ்சு மீட்டராத்தான் தெரிஞ்சிச்சு. உன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு வந்து அளந்தேன். நாலு மீட்டருகூட இல்ல."

எப்சிபா உச்சந்தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"நீ சரியாத்தான் எண்ணியிருக்க. கொடிதான் பொய் சொல்லியிருக்கு. நான் காத்து மேல பழியப் போட்டுட்டு, சாயங்காலமா ஹார்டுவேர் கடைக்குப் போய் இந்த நூல வாங்கினேன்."

"நாலு வருசம் ஏன்க்கா சொல்லல?"

"வெக்கம். பயமும்தான். நீ வேற கோச்சத் தேடிப் போயிருவியோன்னு."

எப்சிபாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் நீந்துகிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நாலு வருடமாக அவள் தன் கழுத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். பயந்தாங்குளிக் கழுத்து என்று கண்ணாடி முன்னால் நின்று திட்டியிருக்கிறாள். அது பாவம், பட்டதைத்தான் நினைவில் வைத்திருந்தது.

"இப்பம் அந்தக் கொடி எத்தன மீட்டர்?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"அஞ்சு."

"யாரு சொன்னா?"

"நீங்க அளந்திய. டேப்பு வச்சு அவிய அளந்தாவ. நானும் பாத்தேன்."

"அப்பம் போ. கூப்பிடுதாவ."

அரங்கத்தில் முக்கால்வாசிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். எட்டுத் தடங்களில் ஆறு காலி. நடுவில் இரண்டு பேர் மட்டும் தண்ணீரில் இறங்கி, சுவரில் காலை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுருண்டு நின்றார்கள். விசில் கேட்டது, பிறகு ஒலிப்பான்.

முதல் ஐம்பதில் எப்சிபாவின் பக்கவாட்டில் ஐனூரின் கை ஏறி இறங்குவது தெரிந்தது. இரண்டாவது ஐம்பதிலும் தெரிந்தது. தொடக்கப் பக்கத்துச் சுவர் வந்தபோது கொடி தலைக்குமேல் போயிற்று. எப்சிபா எண்ணினாள். ஐந்தில் புரண்டாள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பாதத்தால் ஓங்கி உதைத்தாள். தண்ணீருக்குள் போன பிறகுதான், இந்தத் தடவை தலை திரும்பவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. தண்ணீருக்குள் சிரிக்கக் கூடாது, மூச்சு வீணாகும்.

மூன்றாவது ஐம்பதில் ஐனூர் கண்ணில் படவில்லை.

பக்கத்தில் இருந்தால் தெரியும். பின்னால் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். தெரியவில்லை என்றால் ஐனூர் முன்னால் போய்விட்டாள் என்று அர்த்தம். தலையைத் திருப்பினால் எவ்வளவு முன்னால் என்று பார்த்துவிடலாம். எப்சிபா கூரையில் ஒரு விளக்கு வரிசையைப் பிடித்துக்கொண்டு அதன் நேரே போனாள்.

கடைசி ஐம்பதில் தோள் எரிந்தது. காலையில் ஒரு தடவை நீந்திய உடம்பு, சும்மாவா இருக்கும்? கரையில் சண்முகவடிவு நடந்து வருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் கத்தவில்லை. கத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கொடி வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது கையில் கழுத்து கேட்டது, ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று. வெள்ளை உடை அம்மையார் குனிந்து டேப்பைப் படித்த முகம் எப்சிபாவுக்கு நினைவு வந்தது. அளந்தாச்சு, என்று கழுத்துக்குச் சொன்னாள்.

ஐந்து.

ஆறாவது கையை முழுதாக வீசினாள். விரல்கள் சுவரில் பட்டென்று அடித்தன.

பலகையில் இரண்டு பெயர்கள் எரிந்தன. எப்சிபா, இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி, நூறில் எண்பத்தேழு. ஐனூர், இரண்டு நிமிடம் பதினைந்து விநாடி, நூறில் இரண்டு. நொடியில் ஆறில் ஒரு பங்குகூட முழுசாக இருக்காது. சுவர்களில் தலை திரும்பாமல் இருந்ததற்கு அது சரியாகப் போயிற்று.

தடக் கயிற்றின் மேலாகச் சாய்ந்து ஐனூர் அவளைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள். அழுதபடியே கரையில் நின்ற சண்முகவடிவை நிமிர்ந்து பார்த்து, இரண்டு கையையும் அகல விரித்து, நூல் பிடிப்பதுபோல் காட்டினாள். பிறகு நெஞ்சில் கையை வைத்துத் தலையைத் தாழ்த்தினாள்.

எப்சிபா கரையேறி வந்தாள். சண்முகவடிவு ஈரத் துண்டை அவள் தோளில் போட்டாள். வேறு துண்டு அவளிடம் எப்போதும் இருந்ததில்லை.

"திரும்பிப் பாத்தியா?"

"பாக்கலக்கா."

"தெரிஞ்சிச்சு. இடுப்பு எறங்கல."

எப்சிபாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மாலையில் எட்டாவது தடத்தில் நீந்தப் போகிறாள். ஓர் அரங்கம் அவளுக்குக் கைதட்டப் போகிறது. ஆனாலும் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அதைக் கேட்காமல் அவளால் சாப்பிட முடியாது.

"அக்கா, நான் தோத்திருந்தா என்ன சொல்லியிருப்பிய?"

"அவதான் வேகம்னு சொல்லியிருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"கேட்டதுக்குப் பதில் அதுதான?"

எப்சிபா துண்டின் நுனியைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

"கொடியப் பத்தி வாயத் தொறக்காம இருந்து, நான் ஏழு கை போட்டு ஜெயிச்சிருந்தா? அப்பம் யாருக்கு வேகம்னு கேட்டிருந்தா?"

சண்முகவடிவு நூலை விரல்களில் சுற்றி முடித்து, முடிச்சைச் செருகி, பைக்குள் போட்டாள்.

"தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.